கண் இரண்டையும் விட்டுவிட்டு

1

இந்த நாட்டுக்கு நாங்கள் வந்து இந்தத் தை மாதத்தோடு பத்து வருடமாகிறது. ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள், இப்போது ஊரில் இருக்க முடியாமல் கொழும்பிலும் வவுனியாவிலும் இருந்து எழுதுகிறவர்கள், எல்லோரும் கடைசி வரியில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "மாஸ்டர் இப்ப எந்தப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறார்?" நான் "அவர் சுகமாக இருக்கிறார்" என்று பதில் எழுதிவந்திருக்கிறேன். அது பொய் அல்ல. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலும் அல்ல. என் மாணவி ஒருத்தி பரீட்சைத் தாளில் அப்படி எழுதினால் நான் புள்ளி கொடுக்க மாட்டேன். ஆகவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

நாட்டின் பெயரை எழுதவில்லை. ஆபிரிக்காவின் தெற்கில் ஒரு மலைநாடு, அவ்வளவு போதும். இங்கே எங்கள் ஆட்கள் சில குடும்பங்கள்தான். நாட்டின் பெயரை எழுதினால் ஆளின் பெயரை எழுதிய மாதிரி. குலசிங்கம், ரமணன் என்று நான் எழுதுவதும் அவர்களுடைய உண்மைப் பெயர்கள் அல்ல.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் முடிந்து வந்தபோது குலசிங்கத்தின் கார் எங்கள் வாசலில் நின்றது. அவர் புளியங்கூடல்காரர். இங்கே நீர்வழங்கல் திணைக்களத்தில் பொறியியலாளர். எட்டு வருடங்களாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. உள்ளே போனேன். அவர் கதிரை நுனியில் இருந்தார். என் கணவர் குசினி வாசலில், ஈரக் கையைத் துவாயில் துடைத்தபடி நின்றார்.

"ரீச்சர், நல்ல நேரம் வந்தனீங்கள். எங்கட பெடியன் ரமணனுக்கு மெடிசின் படிக்க இடம் கிடைச்சிட்டுது. அடுத்த கிழமை சனிக்கிழமை வீட்டில ஒரு சின்னப் பார்ட்டி. மாஸ்டர் கட்டாயம் வரோணும். பெடியன்ரை முதல் வாத்தியார் எண்ட முறையில ரெண்டு வார்த்தை பேசவும் வேணும்."

மாஸ்டர் என்று சொன்னார். எட்டு வருடங்களாக இந்த ஊரில் ஒருவரும் என் கணவரை அப்படி அழைக்கவில்லை.

"ஆர் பேசுறது?" என்றார் என் கணவர்.

"நீங்கள்தான் மாஸ்டர். வேறை ஆர்? எங்கட ஆக்கள் மட்டுமில்லை, எங்கட டிரெக்டர், ரமணன்ரை பள்ளிக்கூடத்துப் பிரின்சிப்பல், எல்லாரும் வருகினம். குருவை மதிக்கிற சனம் நாங்கள் எண்டு அவைக்கும் தெரியோணுமெல்லே." பிறகு எழுந்து வந்து, என் கணவரின் ஈரக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்கட அடிதானே மாஸ்டர் அவனை ஆளாக்கினது."

என் கணவர் அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தார். "தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்று கேட்டார்.

2

நாங்கள் இருவரும் எங்கள் தீவில், சரவணையில், ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். நான் விஞ்ஞானப் பட்டதாரி. அவர் பயிற்றப்பட்ட ஆசிரியர், கணிதம் படிப்பிப்பார், அதுவும் தமிழ்மொழியில் மட்டும். பட்டம் எனக்கு, படிப்பிக்கும் திறமை அவருக்கு என்று அதிபரே சொல்லுவார். அது உண்மை. பின்னம் விளங்காத பிள்ளையை நான் மூன்று விதமாக விளங்கப்படுத்திப் பார்ப்பேன். அவர் ஒரு விதமாக விளங்கப்படுத்துவார், பிறகு அடிப்பார். அந்தப் பிள்ளைக்குப் பின்னம் விளங்கிவிடும். அடியினால் விளங்கியதா, முதலிலேயே விளங்கியிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் சைக்கிளில் வருவது தெரிந்தால் ரோட்டில் விளையாடும் பிள்ளைகள் வேலி பாய்ந்து ஓடிவிடும். பிள்ளைகள் மட்டுமல்ல. அவரிடம் படித்து முடித்து, கலியாணம் செய்து, தோட்டம் செய்கிற ஆண்களும் அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்துவிட்டு நிற்பார்கள். அவர் தலையை ஒரு தரம் அசைத்துவிட்டுப் போவார். அந்த ஒரு தலையசைப்புக்காகவே அவர் சில நாட்களில் தேவையில்லாமல் மண்கும்பான் வரை போய்வருவார் என்று நான் நினைப்பதுண்டு.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு போகக்கூடியவர்கள் எல்லோரும் போனார்கள். இந்த நாட்டுக்கு ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கப் பட்டதாரிகள் தேவைப்பட்டார்கள். கொழும்பில் நேர்முகப் பரீட்சை வைத்தார்கள். நான் தெரிவானேன். அவருக்கு விண்ணப்பிக்கவே தகுதி இல்லை. பென்சன் உள்ள வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு வந்தார். மகள் துளசிக்கு அப்போது ஆறு வயது, மகன் பிரணவனுக்கு மூன்று.

இங்கே வந்த முதல் கிழமையே சிக்கல் தொடங்கியது. ஆசிரியையின் கணவன் வேலையில்லாமல் கூடவே வருவான் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. மணமான ஆசிரியைக்கு வீடு கிடையாது, கணவன் வேலைசெய்யும் இடம் வீடு கொடுக்கும் என்பது விதி. "உங்கள் கணவர் எங்கே வேலை செய்கிறார்?" என்று கேட்டார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை என்று நீங்கள்தானே கடவுச்சீட்டில் முத்திரை குத்தியிருக்கிறீர்கள் என்றேன். அந்த எழுதுவினைஞர் மிகவும் மரியாதையான மனிதர். முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பக்கத்தில் பிரணவனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவரைப் பார்த்தார். "அப்படியானால் இவர் என்ன செய்வார்?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே அறிய விரும்பினார். படிவத்தில் "மனைவி" என்று இருந்ததை வெட்டிவிட்டு, மேலே கையால் "கணவர்" என்று எழுதி, அந்தத் திருத்தத்துக்கு மேலதிகாரியிடம் கையொப்பம் வாங்கி வந்தார்.

முத்திரையில் இருந்த வாசகம் இது: இவர் ஊதியத்துடனோ ஊதியமின்றியோ எந்தத் தொழிலிலும் ஈடுபடலாகாது.

3

இந்த நாட்டு மக்கள் அவரை ஒருநாளும் அவமதிக்கவில்லை. அவர்களுடைய மொழியில் வளர்ந்த ஆண் எவரையும் "அப்பா" என்றுதான் அழைப்பார்கள். கடையில், தபாலகத்தில், தண்ணீர்க் குழாயடியில் எல்லா இடத்திலும் அவர் "அப்பா". அவமதிப்பதற்கு எங்கள் ஆட்கள் வேண்டியிருந்தது.

மாதத்தில் ஒருமுறை ஒரு வீட்டில் கூட்டுப் பிரார்த்தனை நடக்கும். தேவாரம் முடிந்ததும் ஆண்கள் ஹோலிலும் பெண்கள் குசினியிலும் இருப்பார்கள். அவர் ஹோலில் இருந்தார். ஒப்பந்தம், பதவி உயர்வு, கார் என்று பேச்சுப் போகும். அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. யாராவது ஒருவர் அவர் பக்கம் திரும்புவார்.

"அண்ணை, இண்டைக்கு என்ன சமையல்?"

"கத்தரிக்காய்க் குழம்பு. பருப்பு."

"தேங்காய்ப்பால் இல்லாமல் என்னெண்டு அண்ணை குழம்பு வைக்கிறியள்? என்ரை மனிசிக்கும் ஒருக்காச் சொல்லிக் குடுங்கோவன்."

அவர் சொல்லிக் கொடுத்தார். பசுப்பாலை எப்போது விடவேண்டும், எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், எங்கே பிழைத்தால் திரைந்துவிடும் என்று வகுப்பில் சொல்வதுபோல ஒழுங்காகச் சொன்னார். அவர்கள் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அடுத்த மாதமும் கேட்டார்கள். அடுத்த மாதமும் சொன்னார். குலசிங்கத்தின் மனைவி குசினியில் என்னிடம் சொன்னா: "உமக்குக் குடுத்துவைச்சிருக்கு ரீச்சர். எங்களுக்கு வேலைக்காரி வைச்சாலும் இப்பிடி வாய்க்காது."

அந்த நாட்களில்தான் வீட்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது. ஒரு பலகைக்குக் கறுப்பு மை பூசிச் சுவரில் சாய்த்தார். பிள்ளைகள் இருந்து எழுத நீள வாங்கு ஒன்றை அவரே செய்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டதும் மணி அடிப்பார். கதவுக்கு வெளியே போய் நிற்பார், உள்ளே வருவார். துளசியும் பிரணவனும் எழுந்து "வணக்கம் சேர்" என்று சொல்ல வேண்டும். பெயர் கூப்பிடுவார். இரண்டு பெயர்கள். இரண்டு பேரும் "உள்ளேன் சேர்" என்பார்கள். துளசியை வகுப்புத் தலைவியாக்கினார். பிரணவன் கதைத்தால் அவள் அறிவிக்க வேண்டும். அவளும் தவறாமல் அறிவித்தாள்.

ஊரில் அடிக்கத் தடி முறிக்கிற பூவரசு இங்கே இல்லை. பீச் மரம் எல்லா வளவிலும் நிற்கிறது. பீச் தடி பூவரசைவிட மெல்லியது, ஆனால் முறியாது, வளைந்து கொடுக்கும் என்று அவர் கண்டுபிடித்தார். பிரணவனுக்கு ஐந்து வயது. எட்டாம் வாய்ப்பாடு வரை ஒப்புவிப்பான். அழுதுகொண்டே ஒப்புவிப்பான், ஆனால் பிழைக்காது.

நான் தடுக்கவில்லையா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நீங்களும் அவரிடம்தான் படித்தீர்கள்.

4

முதலில் தன் மகனைக் கொண்டுவந்தவர் குலசிங்கம். ரமணனுக்குப் பத்து வயது. கணக்கு ஓடவில்லை, தமிழ் எழுத்து மறந்துபோகிறது. ஒரு சனிக்கிழமை காலை அவனைக் கூட்டிவந்து எங்கள் வாசலில் நிறுத்தி, தோளில் கைவைத்து முன்னே தள்ளிவிட்டுச் சொன்னார்:

"மாஸ்டர், இனி இவன் உங்கட பிள்ளை. கண் ரெண்டையும் விட்டிட்டு மிச்சத் தோலை உரியுங்கோ. நான் ஏனெண்டு கேக்க மாட்டன்."

உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைக்கிற ஒவ்வொரு தகப்பனும் சொல்கிற வசனம்தான். என் அப்பாவும் சொன்னார். குலசிங்கத்தின் அப்பாவும் சொல்லியிருப்பார். அதைச் சொல்லாமல் பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் வாத்தியாரை நம்பவில்லை என்று அர்த்தம். என் கணவர் அதைக் கேட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. நான் குசினியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிற்கிற விதமே மாறியது. குலசிங்கத்தைப் பார்த்து ஒரு தரம் தலையசைத்தார். சரவணை ரோட்டில் அசைத்த அதே அசைப்பு.

பிறகு மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தகப்பனும் வாசலில் நின்று அந்த வசனத்தைச் சொன்னான். தேங்காய்ப்பால் கேட்டுச் சிரித்தவர்களும் சொன்னார்கள். சனிக்கிழமைகளில் வாங்கு போதாமல் பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். அவர் ஒருவரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. முத்திரையில் "ஊதியமின்றியோ" என்று இருப்பதை நான் ஒருமுறை சொன்னேன்.

"பிள்ளையளுக்கு நாலு எழுத்துச் சொல்லிக் குடுக்கிறது தொழிலே?" என்றார். "உமக்கு எல்லாத்துக்கும் பயம்."

அந்த மழைகாலம் முழுவதும் அவர் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாக நித்திரை கொண்டார். வீடு கூட்டும்போது வாய்க்குள் ஏதாவது முணுமுணுத்துப் பாடுவார். எனக்கும் வேலை முடிந்து வீட்டுக்கு வருவது இலகுவாக இருந்தது.

5

ரமணன் துளசியின் கொப்பியைப் பார்த்து விடை எழுதினான். துளசி, வகுப்புத் தலைவியல்லவா, எழுந்து அறிவித்தாள். அவன் இல்லை என்று சாதித்தான். களவை மன்னித்தாலும் பொய்யை அவர் ஒருபோதும் மன்னித்ததில்லை. அரைக் காற்சட்டை போட்ட பிள்ளை. கெண்டைக்காலில் அடித்தார்.

திங்கட்கிழமை அவனுடைய பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை காலில் இருந்த தழும்புகளைக் கண்டா. இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் பிரம்பு உண்டு. ஆனால் தலைமையாசிரியர் மட்டும்தான் எடுக்கலாம். அதையும் எழுதி வைக்க வேண்டும். குலசிங்கத்தைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

அடுத்த நாள் அவர் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஆய்வுகூட வாசலிலேயே நின்று பேசினார்.

"ரீச்சர், குறை நினைக்கக் கூடாது. அந்த மனிசி என்னைக் குற்றவாளி மாதிரிக் கேள்வி கேட்டவ. நான் மாஸ்டர் எண்டு சொல்லேல்லை. சனிக்கிழமையில பெடியனைப் பாக்கிற ஒரு ஆள் எண்டுதான் சொன்னனான்."

"ஒரு ஆள்?"

"வேறை என்னெண்டு சொல்லுறது ரீச்சர்? மாஸ்டர் எண்டு சொன்னால் எந்தப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் எண்டு கேப்பா. நான் வெளியால சோலி சுறட்டு இல்லாமல் முடிக்கப் பாத்தனான். அவருக்கு மூளை கொஞ்சம் சரியில்லை, வேலை இல்லாத மனிசன், பிள்ளையளைக் கண்டால் இப்பிடித்தான் எண்டும் சொல்லவேண்டி வந்திட்டுது."

"நீங்கள்தானே தோலை உரியுங்கோ எண்டு சொன்னனீங்கள்."

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "அது ரீச்சர்… அது சொல்லுறதுதானே. ஆராவது அதைக் கேட்டு அடிப்பினமே?"

வீட்டுக்குப் போய் என் கணவரிடம் எல்லாவற்றையும், மூளை சரியில்லை என்றது வரை, சொன்னபடியே சொன்னேன். எதையும் குறைத்துச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அவர் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தார். "ரமணன் ஏழாம் வாய்ப்பாட்டில இன்னும் தடக்குப்படுறான்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஒரு பிள்ளையும் வரவில்லை.

6

அதற்கு அடுத்த சனிக்கிழமை குடிவரவு அலுவலகத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வணக்கம் சொல்லி, மழை பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டே உள்ளே வந்தார். பலகையில் வாய்ப்பாடு எழுதியிருந்தது. வாங்கில் துளசியும் பிரணவனும். என் கணவர் பலகைக்குப் பக்கத்தில், சப்பாத்துப் போட்டு, நீளக் காற்சட்டை போட்டு நின்றார். பிள்ளைகள் வராவிட்டாலும் சனிக்கிழமை அப்படித்தான் நிற்பார்.

ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது, இங்கே பள்ளிக்கூடம் நடக்கிறதாம், உங்கள் கணவர் ஆசிரியராக வேலை செய்கிறாராம் என்றார் உத்தியோகத்தர். உண்மையானால் அவருடைய அனுமதியை ரத்துச் செய்ய வேண்டிவரும் என்றும், அதைச் சொல்லத் தனக்கு விருப்பமில்லை என்றும் சொன்னார். அனுமதி ரத்தானால் அவர் எங்கே போவது? ஊரில் இருந்தவர்களே எங்கே ஓடுவது என்று தெரியாமல் இருந்த காலம். இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நான் தனியே இங்கே எப்படி வேலை செய்வது? நான்கு பேரும் திரும்ப வேண்டியதுதான்.

உத்தியோகத்தர் அவரிடமே நேராகக் கேட்டார்: "ஐயா, நீங்கள் ஆசிரியரா?"

அவருக்கு ஆங்கிலம் விளங்கும். பேசுவது மெதுவாக, இலக்கணப் புத்தகத்தில் உள்ளபடி. அவர் நிமிர்ந்தார். "ஆம், நான் ஒரு…" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"இல்லை" என்றாள் துளசி.

எட்டு வயது. வாங்கிலிருந்து எழுந்து உத்தியோகத்தரிடம் போனாள். அவளுடைய ஆங்கிலம் அப்போதே இந்த நாட்டுப் பிள்ளைகளின் ஆங்கிலம். அப்பாவுக்கு வேலை இல்லை என்றாள். அப்பா சமைப்பார், உடுப்புத் தோய்ப்பார். இது பள்ளிக்கூடம் இல்லை, நாங்கள் விளையாடுகிறோம், நான்தான் ரீச்சர், அப்பா படிக்கிற பிள்ளை என்றாள்.

உத்தியோகத்தருக்குச் சிரிப்பு வந்தது. "அப்படியா? உன் மாணவன் கெட்டிக்காரனா?"

துளசி திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். பிறகு தமிழில், அவருடைய அதே குரலில், "இரும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் வாங்கில் பிரணவனுக்குப் பக்கத்தில் இருந்தார். அது சின்னப் பிள்ளைகளுக்குச் செய்த வாங்கு. முழங்கால்கள் நெஞ்சு உயரத்துக்கு வந்தன.

அவள் பீச் தடியை எடுத்துப் பலகையில் தட்டினாள். ஏழு எட்டு எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

உத்தியோகத்தர் ஆவலோடு முன்னுக்குக் குனிந்தார். துளசி தடியை உயர்த்தி இன்னொரு தரம் கேட்டாள்.

"ஐம்பத்தாறு" என்றார்.

"எழும்பிச் சொல்லோணும்."

எழும்பினார். "ஐம்பத்தாறு."

"ஐம்பத்தாறு ரீச்சர்" என்றாள் அவள்.

"ஐம்பத்தாறு ரீச்சர்."

பிரணவன் கைதட்டிச் சிரித்தான். உத்தியோகத்தரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நல்ல மனிதர், மனப்பூர்வமாகத்தான் சிரித்தார். தன் வீட்டிலும் மகள்தான் அதிகாரி என்றார். எங்கள் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு, முறைப்பாட்டில் உண்மை இல்லை என்று எழுதுவதாகச் சொல்லிப் போனார்.

கார்ச் சத்தம் போன பிறகு துளசி என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அவர் இன்னும் வாங்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அவளுக்கு ஏதும் சாப்பிடக் குடும்" என்றார். திங்கட்கிழமை அந்தப் பலகையால் கோழிக்கூட்டுக்குக் கதவு போட்டார். பிள்ளைகள் அவரிடம் பிறகு படிக்கவில்லை. அவர் எங்களில் ஒருவரையும் அதற்குப் பிறகு அடிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. வீடு மிகவும் அமைதியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் நண்பிகள் பொறாமைப்பட்டார்கள்.

கூட்டுப் பிரார்த்தனைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. குலசிங்கமும் அங்கே வருவார். "அண்ணை, எப்பிடிச் சுகம்?" என்பார். "சுகம்" என்பார் இவர். ஹோலில் அவருக்கு ஒரு கதிரை பழகிப்போனது. பிறகு ஊர்ச் செய்திகள் வரத் தொடங்கின. தீவுப்பகுதிச் சனம் வள்ளங்களில் ஏறிப் போனது, சரவணையில் பள்ளிக்கூடமும் இல்லை, படிக்கப் பிள்ளைகளும் இல்லை என்றெல்லாம். அவர் இவற்றைக் கேட்டபடி அரிசி களைவார். அவரைக் கண்டு சைக்கிளால் இறங்க அங்கே இனி யாரும் இல்லை என்று நான்தான் நினைத்தேன்.

7

குலசிங்கம் வந்துபோன வெள்ளிக்கிழமையிலிருந்து வீட்டில் வேறொரு மனிதர். சமையலறையில் குரல் கேட்கும். போய்ப் பார்த்தால் அடுப்பைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருப்பார். பெட்டிக்குள்ளிருந்து பட்டுக்கரை வேட்டியை எடுத்தார். மடிப்பெல்லாம் மஞ்சள் பிடித்திருந்தது. நீலம் போட்டு இரண்டு தரம் தோய்த்தார்.

"டாட், இதைக் கட்டிக்கொண்டா வரப்போகிறீர்கள்?" என்று பிரணவன் ஆங்கிலத்தில் கேட்டான். அவனுக்கு இப்போது பதின்மூன்று வயது. தமிழ் விளங்கும், பேச மாட்டான்.

"ஓம்" என்றார்.

துளசி என்னிடம் தனியாக வந்தாள். "அம்மா, அவர் என்ன பேசப்போறார்?"

"தெரியாது."

"நீங்கள் கேட்டுப் பாருங்கோ. குலசிங்கம் அங்கிள்தான் எனக்கு லீவு நேர வேலைக்கு டிரெக்டரிட்டைக் கதைக்கிறனெண்டு சொன்னவர்."

நான் கேட்டேன். "உண்மையைத்தான்" என்றார்.

சனிக்கிழமை குலசிங்கத்தின் வீட்டு முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முன் வரிசையில் டிரெக்டர், பிரின்சிப்பல், இன்னும் சில இந்த நாட்டுப் பெரியவர்கள். ரமணன் உயரமாக, கண்ணாடி போட்டு, மரியாதையாக நின்றான். குலசிங்கம் ஆங்கிலத்தில் பேசினார். எங்கள் பண்பாட்டில் தாய் தகப்பனுக்கு அடுத்தது குரு, என் மகனின் முதல் குரு இதோ, கண்டிப்பானவர், அந்தக் கண்டிப்புத்தான் இன்று ஒரு வைத்தியரைத் தந்திருக்கிறது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ரமணன் குனிந்து என் கணவருடைய காலைத் தொட்டான். சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவர் எழுந்து முன்னே போனார். தமிழில் பேசினார். சரவணையில் கடைசி வாங்குக்கும் கேட்கும் அந்தக் குரல் அவரிடம் இன்னும் இருந்ததென்று எனக்குத் தெரியாது.

"இந்தப் பிள்ளை என்னட்டைக் கொஞ்சக் காலம்தான் படிச்சவன். நான் இவனுக்கு ஒண்டும் படிப்பிக்கேல்லை. ஏழாம் வாய்ப்பாடுகூடப் பாடமாக்கேல்லை. ஒரு நாள் அடிச்சனான்."

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அவர் வழக்கம்போலச் சிரிப்பு முடியும்வரை பொறுத்தார்.

"காலில அடிச்சது பிழை. கையில அடிச்சிருக்கோணும். அடிக்கச் சொன்னது இவன்ரை தேப்பன். பிறகு என்னை ஆரோ ஒரு ஆள், மூளை சரியில்லாதவன் எண்டு சொன்னதும் தேப்பன்தான். அண்டைக்கு நான் என்ரை பிள்ளைக்கு முன்னாலை வாங்கில இருந்து, மாஸ்டர் இல்லை எண்டு ஒப்புக்கொண்டனான். இண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை என்னை மாஸ்டர் எண்டு கூப்பிட்டிருக்கினம். ஆரைக் கேட்டு என்னை இல்லையெண்டவை, இப்ப ஆரைக் கேட்டு ஓம் எண்டினம்? எனக்கு இந்தப் பேர் வேண்டாம். தம்பி ரமணன், நீ நல்லா வரோணும்."

எங்கள் ஆட்கள் சிரிக்கவில்லை. எல்லோரும் தங்கள் கைப்பிள்ளையையோ தட்டையோ பார்த்தார்கள். குலசிங்கத்தின் மனைவி குசினிப் பக்கம் போனா. முன்வரிசை விருந்தினர்கள் மட்டும் புன்னகையோடு காத்திருந்தார்கள். பிரின்சிப்பல், மிக அழகாகப் பேசினார் என்று தெரிகிறது, யாராவது எங்களுக்கும் சொல்ல மாட்டீர்களா என்று கேட்டா.

குலசிங்கத்தின் முகத்தில் வேர்த்திருந்தது. "துளசி" என்றார். "நீ சொல்லு பிள்ளை. உன்ரை இங்கிலீஷ்தான் நல்லது."

துளசி எழுந்து தகப்பன் பக்கத்தில் போய் நின்றாள். பதினாறு வயது, அவருடைய தோளுக்கு மேல் உயரம். அவர் அவளுக்கு இடம்விட்டுச் சற்று விலகி, முகத்தை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். வகுப்பில் பிள்ளை ஒப்புவிக்கும்போது அப்படித்தான் நிற்பார். ஒரு சொல் பிழைத்தால் அந்த இடத்திலேயே பிடிப்பார். வானொலிச் செய்தியில் பிழை வந்தாலும் வானொலியைத் திருத்துகிறவர்.

அவள் பேசினாள். என் தந்தை இந்த நாளில் மிகவும் பெருமைப்படுகிறார் என்றாள். ரமணன் குறுகிய காலமே தன்னிடம் படித்தாலும், தன் மாணவர்களிலேயே சிறந்தவன் என்கிறார். ஒருமுறை அவனைத் தண்டித்ததற்காக வருந்துகிறார். தன்னை நம்பிப் பிள்ளையை ஒப்படைத்த திரு குலசிங்கத்துக்கும், இத்தனை வருடங்களின் பின்னும் தன்னை மறவாமல் ஆசிரியர் என்று அழைத்ததற்கும் நன்றி சொல்கிறார். கொஞ்சமும் தடுமாறவில்லை. இறுதியில் நிறுத்தி, ஒரு சிறு சிரிப்போடு, மற்றபடி தமிழில் அவர் சொன்ன நகைச்சுவைகளை மொழிபெயர்க்க முடியவில்லை என்றாள்.

விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் ஆட்கள் அவர்களைவிட அதிகமாகத் தட்டினார்கள். டிரெக்டர் வந்து அவருடைய கையைக் குலுக்கினார். அவர் குலுக்கக் கொடுத்தார். ஒன்றையும் திருத்தவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். நான் கார் ஓடினேன். அவர் முன்னுக்கு, பிள்ளைகள் பின்னுக்கு. பெரிய ரோட்டுக்கு வந்த பிறகுதான் துளசி பேசினாள்.

"அப்பா, கோவமோ?"

அவர் வேட்டியின் மடிப்பை நீவிவிட்டார்.

"நீங்கள் சொன்னதை அப்பிடியே சொல்லியிருந்தால் அவை உங்களைப் பாத்துப் பாவம் எண்டுதான் நினைச்சிருப்பினம். அங்கிளையில்லை. உங்களை. அதுதான் அப்பிடிச் சொன்னனான்." மறுபடியும் கேட்டாள். "நான் சொன்னது பிழையோ அப்பா?"

"நல்ல இங்கிலீஷ்" என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "ஒரு பிழையும் இல்லை."

"தாங்ஸ் அப்பா" என்றாள் துளசி. உண்மையாகவே சந்தோசப்பட்டாள்.